ஸ்வெட்டர் போட்ட விஞ்ஞானிகள்

முதல் அட்டை மெஷினிலிருந்து வெளியே வந்தபோது சூடாக இருந்தது. மருமகள் அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். கல்லிலிருந்து எடுத்த ரொட்டியைப் போல இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு கிழவர். தலைமுடி நாலா பக்கமும் பறக்கிறது. கண் மட்டும் சின்னப் பிள்ளையின் கண்.

"யாரும்மா இவரு? சீப்பே பாக்காத ஆளா இருக்காரு."

"பெரிய விஞ்ஞானி மாமா. வெளிச்சம் ஓடுற வேகத்த வச்சு ஒலகத்தையே கணக்குப் போட்டவரு."

"அவ்வளவு வேல இருந்தா தல வார எங்க நேரம்?"

அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது நெடுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான். அட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஹார்ட்வெயார் கடை முஸ்லிம் அண்ணன் நானாவிடம் காட்ட ஓடினேன். ஓடினேன் என்றால், என் முழங்கால் விட்ட அளவுக்கு.

கடை என்று சொன்னால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வட்டகொடை ஸ்டேஷன் ரோட்டில், அந்த நானாவின் கடையோடு ஒட்டியிருந்த ஒரு சிறிய அறை. முன்பு அதில் உர மூட்டை அடுக்கியிருந்தார். மருமகள் அதைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஒரு பழைய கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் வைத்தாள். போட்டோ கொப்பி எடுப்பாள், பிள்ளைகளுக்கு வேண்டியதை அடித்துக் கொடுப்பாள். அதோடு இந்த வாழ்த்து அட்டை. எல்லாக் கடையிலும் ரோசாப்பூவும் சாமி படமும் நடிகர் படமும் போட்ட அட்டை இருக்கிறது. இவள் விஞ்ஞானிகளைப் போட்டாள். நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் சயன்ஸ் படித்துத் தேறினால் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கொண்டாடுகிறார்கள், அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க ரோசாப்பூவை விட்டால் வேறு அட்டை இல்லையே என்பது அவளுடைய யோசனை. எந்த விஞ்ஞானி வேண்டும் என்று வாங்குகிறவரே சொல்லலாம். உள்ளே என்ன எழுத வேண்டும் என்று சொல்லலாம். விஞ்ஞானிக்குப் பக்கத்தில் தன் படத்தையும் வைக்கச் சொல்லலாம்.

எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். இதையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் அடிக்கிறாள். நடுவில் நிறுத்தி, "மாமா, கதைய விட்டு எங்கயோ போறீங்க" என்கிறாள். போகத்தான் செய்வேன். வாழ்நாள் முழுக்க மலையில் வளைந்து வளைந்து ஏறி இறங்கியவனுக்கு நேர் ரோட்டில் நடக்க வராது.

அவள் ஏன் சிரிக்காமல் இருந்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவள் வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு வந்தவள். என் மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். அவன் சம்பளம் அவன் அறைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகிவிடும். பிள்ளையை நானும் என் வீட்டுக்காரியும் பார்த்துக்கொண்டோம். அவள் திரும்பி வந்த நாளில் பிள்ளை என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "தாத்தா, இந்த ஆன்ட்டி எப்ப போவாங்க?" என்று கேட்டது. அவள் வாசலிலேயே பையோடு உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை அவள் மடியில் ஏற ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது.

இப்போது ஏஜென்சிக்காரன் மறுபடியும் போன் பண்ணத் தொடங்கியிருந்தான். நல்ல வீடாம், சம்பளம் கூடவாம். ஸ்கூல் லீவு முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அட்டைக்கு ஆள் வந்தால் இருப்பேன், வராவிட்டால் போவேன் என்று அவள் முடிவு செய்திருந்தாள். என்னிடம் அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். எனக்கு அது போதும். அன்றிலிருந்து நான்தான் அந்தக் கடையின் விளம்பரப் பலகை. பஸ்ஸில் ஏறினால் அட்டையை எடுத்துவிடுவேன்.

விஞ்ஞானிகளின் பெயர் என் வாயில் நிற்காது. ஆனால் ஆளை மறக்க மாட்டேன். முடிக்காரர் ஒருவர். ஆப்பிள் விழுந்ததைப் பார்த்து யோசித்தவர் ஒருவர். அவருக்குத் தோளில் சுருள் சுருளாக முடி, கோயில் திருவிழாவில் ராஜா வேசம் கட்டுகிறவரைப் போல. குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று சொன்ன தாடிக்காரர் ஒருவர். அப்புறம் ஒரு அம்மா. இருட்டில் தானாக ஒளி விடும் ஒரு பொருளைக் கண்டுபிடித்தவராம். கறுப்பு உடுப்பு, இறுக்கிக் கட்டிய கொண்டை, சிரிப்பே இல்லாத முகம். தாய் கண்டித்து வளர்த்த பிள்ளையின் முகம் என்று எனக்குத் தோன்றும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், இது கதையை விட்டு வெளியே போவது இல்லை. என் வாலிபக் காலத்தில் லயத்தில் யாரும் சும்மா போட்டோ எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அடையாள அட்டைக்கு ஒன்று எடுப்போம், அவ்வளவுதான். ஒருவர் செத்துப்போனால், அந்தச் சின்னப் படத்தை எடுத்துக்கொண்டு ஹட்டன் ஸ்டூடியோவுக்குப் போவோம். அவர்கள் அதைப் பெரிதாக்குவார்கள். சும்மா பெரிதாக்க மாட்டார்கள். கோட்டும் டையும் வரைந்து மாட்டிவிடுவார்கள். என் அப்பா உயிரோடு இருந்த காலமெல்லாம் கம்பளியும் சாக்குமாகத் திரிந்தவர். செத்த பிறகு நீலக் கோட்டு போட்டுக்கொண்டு சுவரில் ஏறினார். எங்கள் லயத்தில் எந்தக் காம்பராவில் நுழைந்தாலும் சுவரில் ஒரு கோட்டுக்காரர் இருப்பார். கீழே பிறந்த வருசம் ஒன்று, செத்த வருசம் ஒன்று. இன்றைக்கும் அப்படித்தான். சந்தியில் கட்டுகிற கண்ணீர் அஞ்சலிப் பதாகையிலும் அதே கோட்டு, அதே இரண்டு வருசம்.

இது எனக்குத் தெரியும். மருமகளுக்கும் தெரியும். ஆனால் அட்டையைப் பார்க்கும்போது எங்கள் இரண்டு பேருக்கும் இது நினைவுக்கு வரவில்லை. சந்தோசத்தில் இருந்தோம்.

முதல் வெளியூர் ஓடர் கொழும்பிலிருந்து வந்தது. ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிற அம்மா. சொந்த ஊர் பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டம். மகள் சயன்ஸ் படித்து நல்ல பாஸ். கேம்பஸுக்குப் போகப் போகிறாள். அம்மாவுக்கு லீவு இல்லை. "நான் போக முடியல, என் மொகமாவது போகட்டும்" என்று போனில் தன் படத்தை அனுப்பியிருந்தாள். அடையாள அட்டைக்கு எடுத்த படம். அந்தக் கறுப்பு உடுப்பு விஞ்ஞானியம்மாவுக்குப் பக்கத்தில் இவளை வைக்க வேண்டும்.

மருமகள் அன்று ராசாத்தி மாதிரி வேலை செய்தாள். வர்ண மை தீர்ந்திருந்ததால் கறுப்பு வெள்ளையிலேயே அடித்தாள். அதுதான் பழைய காலத்து மதிப்பாக இருக்கிறது என்றாள். சுற்றிலும் தடித்த கறுப்புக் கரை போட்டாள். ஒரு வட்டத்தில் விஞ்ஞானியம்மா, பக்கத்து வட்டத்தில் கொழும்பு அம்மா. விஞ்ஞானி பிறந்த வருசமும் இறந்த வருசமும் கீழே நடுவில் வந்தது. பிள்ளைகள் பொது அறிவு தெரிந்துகொள்ளட்டும் என்று எல்லா அட்டையிலும் அவள் அதைப் போடுவாள்.

"தபால்ல போட்டா லேட்டாகும். நானே கொண்டுபோறேன்" என்றேன்.

"மூணு பஸ் மாறணும் மாமா."

"அப்ப மூணு பஸ் ஆளுங்களுக்கும் காட்டலாம்."

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் சாப்பாட்டு நேரம். கொழுந்து எடுக்கிறவர்கள் கூடையை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு வந்திருந்தார்கள். அந்தப் பிள்ளை வீட்டில் இல்லை. டியூசன் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தாள். பிள்ளையின் சின்னம்மா, அதாவது கொழும்பு அம்மாவின் தங்கச்சி, இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள்.

"ஒங்க அக்கா அனுப்புனது" என்று சொல்லி நீட்டினேன்.

இடது கையால் வாங்கினாள். பார்த்தாள். வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது. பிறகு ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், எதிர் லயத்து நாய் எழுந்து நின்றது.

"அய்யோ அக்கா! என்னைய விட்டுட்டுப் போயிட்டியா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காம்பரா காம்பராவாக ஆட்கள் வெளியே வந்தார்கள். அட்டை கை மாறியது. ஒவ்வொரு கையிலும் ஒரு ஒப்பாரி.

"நல்லாத்தான இருந்தா, போன மாசம் பேசுனாளே!"

"பக்கத்துல இருக்கிற வெள்ளக்காரி யாரு?"

"வேல செஞ்ச வீட்டு நோனாவா இருக்கும். ரெண்டு பேரும் ஒரே வண்டியில போயிருக்காங்க போல."

"அட பாவமே, அக்ஸிடனா!"

"இல்லம்மா, இது வாழ்த்து அட்ட" என்று நான் கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை. கண்ணாடி போட்ட ஒரு ஆள் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வாழ்த்துல ரெண்டு வருசம் எதுக்குப் போட்டிருக்கு பெரியவரே? கறுப்புக் கரை எதுக்கு?"

"உள்ள எழுத்து இருக்கு, படிங்க."

அவர் விரித்துப் படித்தார். "அம்மா பக்கத்தில் இல்லை என்று அழக்கூடாது. எப்போதும் உன்னோடுதான் இருக்கிறேன்."

அவ்வளவுதான். அதுவரை அழாமல் நின்றவர்களும் அழுதார்கள். ஒருவர் ரோட்டோரம் வெள்ளைக் கொடி கட்ட வேட்டி தேடிப் போனார். இன்னொருவர் தப்படிக்கிறவரைக் கூப்பிட ஆள் அனுப்பினார். உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சத்தத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அந்த அம்மா இந்த மூன்று பஸ்ஸுக்கு இடையில் போய்ச் சேர்ந்துவிட்டாளோ? என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்த சின்னம்மா, "பாருங்க, கொண்டுவந்த பெரியவரே அழுறாரு!" என்று இன்னும் பெரிதாகக் கத்தினாள்.

போன் பண்ணிக் கேட்கலாம் என்றால் அந்த லயத்தில் சிக்னல் இல்லை. தண்ணீர்த் தொட்டி இருக்கிற மேட்டுக்கு ஏற வேண்டும். அதற்குள் ஒப்பாரிச் சத்தம் கேட்டு அந்தப் பிள்ளையே தேயிலைக்கு நடுவில் ஓடி வந்தாள். ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து அட்டையைப் பிடுங்கினாள். அம்மா படத்தைப் பார்த்ததும் அவள் உதடு வெளுத்தது. பிறகு பக்கத்துப் படத்தைப் பார்த்தாள். பிறகு வருசத்தைப் பார்த்தாள்.

"சின்னம்மா, அழுகய நிறுத்துங்க. இது சயன்டிஸ்ட். இவங்க செத்து எவ்வளவோ காலமாச்சு. இது அவங்க வருசம்."

"அப்ப ஒங்கம்மா?"

வாய் பேசியதை மனசு நம்பவில்லை போலிருக்கிறது. போனைத் தூக்கிக்கொண்டு தொட்டி மேட்டுக்கு ஓடினாள். லயம் முழுக்கப் பின்னால் ஓடியது. நானும் ஏறினேன். போன் அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அடிக்கிறது. மூன்றாம் தடவை படத்தோடு பேசுகிற போனில் அந்த அம்மாவின் முகம் வந்தது. கையில் பாத்திரம் கழுவின நுரை.

"என்னாடி, எல்லாரும் மலைக்கு வேலைக்குப் போகாம மேட்டுல நிக்கிறீங்க?"

சின்னம்மாதான் போனுக்குள் தலையை விட்டாள். "நீ சாகலயா?"

நடந்ததை எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அந்த அம்மா ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முகமெல்லாம் நுரை.

"அடியே, நான் செத்தா நீங்க இவ்வளவு நல்ல தாள்லயா அடிப்பீங்க? சந்தியில ஒரு பிளாஸ்டிக்கக் கட்டிட்டு வந்துருவீங்க!"

மேடே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு மகளைத் தனியாகக் கூப்பிட்டு அவள் ஏதோ சொன்னாள். மகள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். சின்னம்மா எனக்குச் சோறு போட்டாள். நெத்திலிக் கருவாடு. தப்படிக்கிறவரும் வந்துவிட்டார்; வந்தது வந்தாயிற்று என்று பிள்ளை பாஸானதற்கு ஒரு அடி அடித்துவிட்டுப் போனார்.

நான் ஆடிக்கொண்டே பஸ் ஏறினேன். சந்தோசம் வட்டகொடை வரைக்கும் இருந்தது. கடைக்குள் நுழைந்தால் பிரிண்டர் ஓடவில்லை. மருமகள் அட்டைகளை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பஸ் கண்டக்டர் வாயால் செய்தி எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"சாவு அட்டன்னு பேரு வச்சிட்டாங்களாம் மாமா."

"ஒருத்தன் ரெண்டு பேரு சொல்லுவான், விடும்மா."

"மூணு பஸ்ஸுலயும் சொல்றாங்க. நீங்கதான் எல்லா பஸ்ஸுலயும் காட்டிட்டுப் போனீங்களே."

நானா கதவோரம் வந்து நின்றார். "பெரியவர், நான் செல்றேன்னு கோவிக்க வேணாம். நேத்து என் பொஞ்சாதியும் அந்தத் தாடிக்காரர் படத்தப் பார்த்துட்டு, எந்த மவுத்து வீடுன்னு கேட்டா." சொல்லிவிட்டு அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"நான் ஏஜென்சிக்குச் சொல்லிடுறேன் மாமா. நாளைக்கு" என்றாள் மருமகள். பெட்டியை மூடினாள்.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. அந்தப் பூண்டுலோயாப் பிள்ளை. தொட்டி மேட்டிலிருந்து பேசுகிறாள், காற்றுச் சத்தம் கேட்கிறது. மருமகள் எடுத்ததும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். அந்தப் பிள்ளை விடவில்லை.

"மன்னிப்பா? அக்கா, எங்க லயத்துல இப்படி யாரும் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அம்மா இன்னமும் போன் பண்ணிச் சிரிக்கிறாங்க. நான் அவங்களுக்கு ஒரு அட்ட அனுப்பணும். அதே விஞ்ஞானியம்மாதான் வேணும். ஆனா அந்தக் கறுப்பு உடுப்பக் கழட்டிருங்க. எங்கம்மா கொழும்புக்குப் போறப்ப விட்டுட்டுப் போன பச்ச ஸ்வெட்டர் இருக்கு, போட்டோ அனுப்புறேன். அதப் போட்டு விடுங்க."

மருமகள் போனை வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் சுவரில் ஒட்டியிருந்த கோட்டுக்கார விஞ்ஞானிகளைப் பார்த்தாள். பிறகு, "மாமா, உயிரோட இருக்கிறவங்க எங்க மாமா கோட்டு போடுறாங்க?" என்றாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தலவாக்கலைக்குப் போய் வர்ண மை வாங்கி வந்தேன். அவள் கம்ப்யூட்டரில் அந்தக் கறுப்பு உடுப்பைக் கழற்றினாள். அது லேசான வேலை இல்லை. முதல் தடவை விஞ்ஞானியம்மாவுக்குக் கழுத்தே காணாமல் போனது. இரண்டாம் தடவை ஸ்வெட்டர் அவருக்குப் பெரிதாகி, அண்ணன் ஸ்வெட்டரைப் போட்ட தங்கச்சி மாதிரி நின்றார். மூன்றாம் தடவை சரியாக உட்கார்ந்தது. கரையை எடுத்தாள். வருசத்தை எடுத்தாள். விஞ்ஞானியம்மாவின் உதட்டோரத்தை ஒரு துளி மேலே தூக்கினாள். அவ்வளவுதான், சிரித்துவிட்டார்! நுவரெலியாக் குளிரில் டீக்கடை முன்னால் நிற்கிற யாரோ ஒரு அக்கா மாதிரி.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஆப்பிள்காரருக்குக் கோடு போட்ட மப்ளர். தாடிக்காரருக்குக் கம்பளிப் போர்வை. கையில் ஆவி பறக்கும் பிளேன்டீ. முடிக்காரருக்குக் காதை மூடுகிற கம்பளித் தொப்பி போட்டாள். முடி அடங்கவில்லை, தொப்பிக்குக் கீழே இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துவிட்டு நானா தன் கடைக் கல்லாவைத் திறந்து போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"இவர எனக்குத் தெரியும்! மழைக்கு என் கடையில ஒதுங்கி நிண்டாரு!"

முதல் அட்டையை அவரே வாங்கினார், பொஞ்சாதிக்கு.

சாவு அட்டை என்று பெயர் வைத்தார்களே, அந்தப் பெயர்தான் ஆளைக் கூட்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்தவர்கள், ஒரு லயத்தையே அழ வைத்த அட்டை எது, காட்டுங்கள் என்று கேட்டு வந்தார்கள். வந்தவர்கள் ஸ்வெட்டர் போட்டவர்களைப் பார்த்தார்கள். ஒரு தகப்பன் தன் மகனுக்கு, தாடிக்காரர் பக்கத்தில் மகனை வைத்து அடிக்கச் சொன்னார். வலப்பனையிலிருந்து வந்த ஒரு டீச்சர், பரிசு கொடுக்கிற நாளுக்கு வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் வேண்டும் என்றார். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது விரும்புகிற விஞ்ஞானி, பக்கத்தில் அதன் படம். "அதே மாதிரி தொப்பி எங்க புள்ளைகளுக்கும் போட்டு விடுங்க" என்று அவர் சொல்லும்போதே சிரிப்பு வந்து பேச்சு நின்றது. சிங்களப் பெடியன் ஒருவன் வந்து தன் மாஸ்டருக்கு ஒன்று கேட்டான். உள்ளே எழுத வேண்டியதைத் தானே சிங்களத்தில் எழுதிக்கொடுத்தான். எனக்கு அட்டையை நடுவில் மடிக்கிற வேலை. மடித்து மடித்து விரல் நுனி வழவழவென்று ஆகிவிட்டது.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஏஜென்சிக்காரன் போன் வந்தது. மருமகள் போனைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். கை அட்டை வெட்டிக்கொண்டே இருந்தது. நான் மடிப்பதை நிறுத்திவிட்டேன்.

"ஆமாங்க... இல்லங்க, வரல." வெட்டினாள். "நல்ல வீடுதாங்க, இல்லங்கல." வெட்டினாள். "கோவமெல்லாம் இல்லங்க. எனக்கு இங்க வேல இருக்கு. வேற யாருக்காவது அந்த எடத்தக் குடுங்க. இல்லங்க, யோசிச்சுட்டேன்." போனை மேசையில் வைத்தாள். "மாமா, ஏன் நிறுத்திட்டீங்க? டீச்சரோடது முடியல."

"இந்தா, ரெண்டு நிமிசம்" என்று எழுந்து நானா கடைக்குப் போனேன். அவர் யாருக்கோ ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"நானா, என் மருமக போகல!"

"அல்ஹம்துலில்லாஹ்! நல்ல சேதி பெரியவர்."

வெளியே வந்து தேங்காய் விற்கிறவரிடம் சொன்னேன். பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் சொன்னேன். அவர்களுக்கு என் மருமகள் யாரென்றே தெரியாது; தலையை ஆட்டினார்கள். சாவு அட்டை என்று ஊரெல்லாம் பரப்பிய அதே கண்டக்டர் புட்போர்டில் தொங்கிக்கொண்டு வந்தான். அவனிடம் கத்திச் சொன்னேன், இதையும் மூணு பஸ்ஸுலயும் சொல்லுடா என்று. பிறகு மனசு கேட்காமல் மறுபடியும் ஹார்ட்வெயார் கடைக்குள் நுழைந்தேன். நானா தராசிலிருந்து நிமிர்ந்தார்.

"பெரியவர், இப்பதானே வந்து செல்லிட்டுப் போனீங்க?"

"இன்னொருக்கா சொல்றேன் நானா, கேளுங்க."